அத்தைக்குப் பூ வைத்த அன்று

எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அதற்குக் காரணம் அப்பாவின் தங்கையான அத்தைதான். இண்டூர் பஸ் நிறுத்தத்தில் யாரையாவது பார்த்துவிட்டு வந்தால், அவர்கள் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அப்படிப்பட்டவர் அந்த வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சுவருக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாக ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்றார் அம்மா. அப்புறம் சோற்றை வாயருகே கொண்டுபோன கை அங்கேயே நிற்க ஆரம்பித்தது. கல்யாணக் கனவு என்று அப்பா கேலி செய்தார். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

பாப்பாரப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மா அத்தைக்குப் புடவை கட்டிவிட்டு, காபித் தட்டைக் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து நடத்தி வந்து கூடத்தில் நிறுத்தினார். எல்லோரும் காபியை எடுத்துக்கொண்டார்கள். தட்டு காலியான பிறகும் அத்தை அதை நீட்டியபடியே நின்றார். மாப்பிள்ளையை ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அக்காவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்பிடி அடக்கமான பொண்ணு எங்கீங்க கெடைக்கும்? எங்கூட்டுக்கு இதுதாங்க வேணும்" என்றார். அன்றைக்கே பூ வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. பூ வைத்துவிட்டால் சம்பந்தம் பேசி முடித்ததாக அர்த்தம்; அதற்குமேல் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. முன்னாலும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். அந்த அக்கா அத்தையின் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மல்லிகைச் சரத்தைச் சூட்டினார். கையை எடுத்த பிறகும் முகம் அந்தப் பக்கமே இருந்தது. வெட்கம் என்று சொல்லி, செல்போனில் போட்டோ எடுத்தார்கள். அத்தையை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

அவர்கள் போன பிறகு அம்மா தட்டை வாங்கினார். நீட்டிய கைகள் இறங்கவில்லை. ஒரு கையை அழுத்தினார். அழுத்திய இடத்தில் அது நின்றது. "என்னங்க, இங்க வாங்களேன்" என்று அப்பாவைக் கூப்பிட்டார். முதலில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். வாயில் ஊற்றிய தண்ணீர் வெளியே வழிந்த பிறகுதான் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்தார்கள்.

டாக்டரம்மா அத்தையின் கையைத் தூக்கிவிட்டார். அது அந்தரத்திலேயே நின்றது. "இது காத்து கருப்பும் இல்ல, பிடிவாதமும் இல்லீங்க. மூளையில வர்ற நோவு. இல்லாத குரல் கேக்கறதும் இதாலதான், கை காலு கட்டிப்போட்ட மாதிரி நிக்கறதும் இதாலதான். ஆனா சுத்தி நடக்கறது அவங்களுக்குத் தெரியும்" என்று அப்பாவிடம் சொன்னார். ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் கை தானாகத் தாழ்ந்தது. அத்தை தண்ணீர் கேட்டார். எல்லோர் முன்னாலும் அப்பா தேம்பித் தேம்பி அழுதார். அடக்கத்தை மெச்சியவர்கள், அது நோய் என்று தெரிந்ததும் வேறு பெண் பார்க்கப் போய்விட்டார்கள்.

மாத்திரையில் அத்தை தேறி வந்தார். ஒரு மத்தியானம் எனக்குத் தலை வாரிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஏஞ்சாமி, பூ வெச்ச அன்னிக்கு நீயும் வூட்டுலதான இருந்த? வேண்டாம் வேண்டாம்னு அத்தனை கத்துனேனே, உனக்காச்சும் கேக்கலியா?"

"நீங்க வாயே தொறக்கலீங்க அத்தை" என்றேன்.

சீப்பு என் தலையில் பாதியில் நின்றது. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து, அம்மாவைக் கூப்பிட ஓடினேன். அழுகையை அடக்கும்போதும் ஒருவருடைய கை நின்றுபோகும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.