சுண்டல் தட்டும் ஒற்றை ஒயரும்

பொது அறையில் பேட்டரியில் ஓடும் எதையும் செயலாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இயக்கக் கூடாது என்பது எங்கள் காக்ஸ் டவுன் குடியிருப்பின் விதி. எழுதியவன் நான்தான். ஓய்வு பெற்ற பின்பும் கை சும்மா இருக்கவில்லை.

ஆயுத பூஜை மாலையில், ரோபோ வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் அட்டைப் பெட்டியில் செய்த பேட்டரி வண்டியைச் சுற்றி முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். புரோகிராமும் அவர்களே எழுதியது. சாமிக்குச் சுண்டல் தட்டை அது கொண்டுபோக வேண்டும்.

"மெயில் போட்டோம் தாத்தா. செக்ரட்டரி அங்கிள் ரிப்ளையே பண்ணல," என்றாள் நிலா.

ஈயம் பற்றவைத்த புகை வாசனை மூக்கில் ஏறியது. சின்ன வயதில் ஜோகுபாளையம் வீட்டில் அக்காவும் நானும் சோப்பு டப்பாவில் ரேடியோ செய்தபோதும் இதே வாசனைதான். ரேடியோ வைத்திருக்க அப்போது லைசென்ஸ் வேண்டும். அரசாங்க குமாஸ்தாவான அப்பா அதற்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை என்று ஒரு ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப இது ரேடியோ இல்லடா, சோப்பு டப்பா. எந்த ரூலும் ஒண்ணும் பண்ணாது."

பாட்டு நேரம் வந்ததும் அவரே ஒயரை மாட்டி, "சோதனைக்குத்தான்" என்று டப்பாவைக் காதில் வைத்துக்கொள்வார்.

"எங்களுக்கும் கொஞ்சம் சோதனை பண்ணணும்ப்பா," என்பாள் அக்கா.

நான் நிலாவிடம் சொன்னேன்: "ஒரு ஒயரைக் கழட்டு. இப்ப இது வெறும் அட்டைப் பெட்டி. சரி, சோதனைக்கு மாட்டிப் பாரு."

வண்டி கிளம்பி என் காலில் ஏறி, பாதிச் சுண்டலை அங்கேயே கொட்டிவிட்டு, மீதியோடு சாமி முன்னால் போய் நின்றது.

செயலாளரின் அனுமதி தீபாவளிக்கு மறுநாள் வந்தது.