பேக்கப்பிலிருந்து வந்த மாரிக்கண்ணன்

ஐரோலியில் ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன் தாராவி ஷகீல். கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம் என்று சொல்லும் பெயர்களெல்லாம் அவன் பொறுப்பு. அன்று யாரோ கை தவறி டெஸ்பாட்ச் பிரிவின் பெயர்களை மொத்தமாக அழித்துவிட்டார்கள். வேலை அப்படியே நின்றது.

"சீக்கிரம் ஆகட்டும்பா, லாரியெல்லாம் நிக்கறது" என்று பின்னாலேயே நின்று பிடுங்கினார் மேனேஜர் வெங்கடராமன்.

நல்லதாகக் கிடைத்தது ஒரே ஒரு பழைய பேக்கப். அதைப் போட்டால் மட்டும் போதாது. மீட்ட பெயருக்கு 'இதுதான் செல்லும்' என்று குறியிட வேண்டும். இல்லாவிட்டால் அதே பெயர்களை வைத்திருக்கும் இரண்டாவது சர்வர், அழித்ததுதானே என்று மறுபடி துடைத்துவிடும். ஒவ்வொரு பெயராகக் குறியிட வெங்கடராமன் விட்டால்தானே? மொத்தப் பிரிவுக்கும் ஒரே குறியாகப் போட்டான் ஷகீல். எல்லாரும் திரும்பி வந்தார்கள். மாரிக்கண்ணனும் வந்தான்.

மாரிக்கண்ணன் ஷகீலோடு ஒரே சந்தில் வளர்ந்தவன், டெஸ்பாட்சில் வேலை பார்த்தவன். போன மாதம் காமாலையில் செத்துப்போனான். அவன் பெயரைத் தன் கையாலேயே அழித்தவன் ஷகீல். பேக்கப் அதற்கும் முந்தியது. திரையில் அந்தப் பெயரைப் பார்த்தான். அழிக்கக் கை போகவில்லை.

சாயங்காலம் மாரிக்கண்ணனின் மனைவி கீதா கூப்பிட்டாள்.

"அண்ணே, அவுக போன் என் பையில அடிக்குது. 'கீதா வார நேரம், குர்லாவுக்குக் கெளம்பு'ன்னு இருக்கு. எங்கேருந்துண்ணே வருது?"

வேலை முடிந்து ரயிலில் வருகிறவளைக் கூட்டிப்போக, ஆபீஸ் கேலண்டரில் மாரிக்கண்ணன் தன் போனில் தினமும் அடிக்கும்படி போட்டு வைத்தது. பெயர் வந்ததும் அதுவும் கூடவே வந்துவிட்டது.

"என் தப்பும்மா. பாக்காம விட்டுட்டேன். இப்பமே எடுத்துருதேன்."

"நாளைக்கு அடிக்காதா?"

"அடிக்காதும்மா."

அவள் பக்கம் ரயில் ஒன்று இரைந்து போனது.

"நான் குர்லாவிலதான் நிக்கேன். கொஞ்சம் நேரம் நின்னு பாத்துட்டுப் போறேண்ணே."

ஷகீல் உடனே பெயரை அழித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தாணே ஸ்டேஷனில் வண்டி மாறி குர்லாவில் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. கூட்டத்தோடு பாலமேறி அவள் நிற்கும் பிளாட்பாரத்துக்கு இறங்கினான்.

கீதா அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கி வருபவனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி முன்னால் வந்தாள்.

விளக்கடியில் வந்ததும் நின்றாள்.

"நீங்களாண்ணே" என்றாள்.