ஒரு வயதுக்குள் என்றால் கண் மூடலாம்

குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கும் தொழிலில் கமராவுக்கு ஒரு நொடிதான் வேலை. மிச்ச நேரம் முழுவதும் பெற்றோரைச் சமாளிக்க வேண்டும்.

அப்டன் பார்க்கில், ஒரு புடவைக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் ஸ்டூடியோ. உள்ளே ஒரு வெள்ளைச் சுவர், ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு. முன்பக்கம் காத்திருக்க மூன்று கதிரை. பெரியவர்கள் இப்போது வீட்டிலேயே போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தையையும் அப்படி எடுக்கப் பார்த்து, ஒரு கிழமை புருசனும் மனைவியும் சண்டை பிடித்து, பிறகு என்னிடம் வருகிறார்கள். அந்த மூன்று கதிரைகளில் இருந்துகொண்டு அவர்கள் ஒருவரையொருவர் கேட்காத கேள்வி இல்லை. உங்கட பிள்ளை இரவில் நித்திரை கொள்ளுதோ? சோற்றைத் துப்பினால் என்ன செய்யிறனீங்கள்? பல் முளைக்கப் பிந்தினால் ஏதும் பிரச்சினையோ? விடை கிடைக்காவிட்டால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

தலை நரைத்திருக்கிறது, கையில் கிலுகிலுப்பை இருக்கிறது. ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறார்கள். ஒரு பிள்ளையை ஒரு நொடி அசையாமல் இருக்க வைக்கத் தெரிந்தவனிடம் பதினெட்டு வருடத்துக்கான யோசனை கேட்கிறார்கள். நானும் சொல்லிவிடுகிறேன். கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் போகும்போதுதான் எனக்குள் விசாரணை தொடங்கும். இதையெல்லாம் எனக்கு ஆர் சொன்னது? சொன்னது பிழையென்றால் அந்தப் பிள்ளை என்னாவது? பிள்ளை வளர்த்தவர்களுக்கும், வளர்க்கத் தொடங்கி முழிப்பவர்களுக்கும் இந்த நிலைமை விளங்கும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் என் மகள் தர்ஷினி தொலைபேசியில் சொன்னாள்: “அப்பா, இவருக்கு மெல்பேர்னில வேலை சரி வந்திட்டுது. மாசக் கடைசிச் சனிக்கிழமை இனியனைக் கடைக்குக் கொண்டு வாறன். பாஸ்போர்ட் படம் எடுக்கோணும்.” இனியன் என் பேரன். பத்து மாதம். “நீங்களும் அம்மாவும் வந்து வந்து போகலாம்தானே” என்றும் சொன்னாள். என் மனைவி அந்தக் கிழமையே தன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க என்னிடம் படம் எடுத்துக்கொண்டாள். என்னுடையது முடிந்து கனகாலம். படம் எடுப்பவனைப் படம் எடுக்க ஆளில்லை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை வரும்வரை கடையில் நடந்தவை இவை.

எழுப்பாதேங்கோ

ஓர் இளம் தகப்பனும் தாயும் தள்ளுவண்டியோடு வந்தார்கள். பிறந்து இரண்டு மாதமான பெண்பிள்ளை. வண்டிக்குள் வாயைப் பிளந்துகொண்டு ஆழ்ந்த நித்திரை. “எழுப்பட்டோ?” என்று தாய் குனிந்தாள். வேண்டாம் என்றேன். இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு வயதுக்குள் என்றால் கண் மூடியிருந்தாலும் பரவாயில்லை. நான் ஒரு நாளில் பல தடவை சொல்லும் வசனம் இதுதான். வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் சொல்லிச் சொல்லி, என் மனைவிக்கும் மகளுக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது.

தாய்க்கு மனம் ஒப்பவில்லை. “கண்ணை மூடிக்கொண்டு பாஸ்போர்ட்டில இருந்தால் நாளைக்குப் பிள்ளை பெரிசாகி என்ன நினைப்பாள்? எழுப்புவம்” என்று போர்வையில் கை வைத்தாள். தகப்பன் அந்தக் கையைப் பிடித்தார். கண்ணின் கீழ் கருவளையம், சேர்ட்டின் தோளில் பால் காய்ந்த தடம். கெஞ்சுகிற குரலில் என்னிடம் சொன்னார்: “அண்ணை, இவள் பிறந்ததுக்கு இண்டைக்குத்தான் பகலில நித்திரை கொள்ளுறாள். பாஸ்போர்ட் கிடைக்காட்டிலும் பரவாயில்லை, எழுப்பாதேங்கோ.”

கறுப்புப் பொட்டு

நாவூறு படாமல் இருக்கக் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டு எனக்கு நீண்டகால எதிரி. பாஸ்போர்ட் படத்தில் முகத்தில் அப்படி ஒன்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அன்றைக்கு வந்த பிள்ளையின் கன்னத்தில் ஐந்து பென்ஸ் காசு அளவில் இருந்தது. துடைக்கச் சொன்னேன். தாய் என்னையே ஒரு மாதிரிப் பார்த்தாள். நாவூறு போடக்கூடிய ஆள் நான்தானோ என்ற பார்வை.

கதிரைகளில் இருந்தவர்கள் உடனே கூட்டம் போட்டார்கள். காதுக்குப் பின்னால் வைக்கலாம் என்றார் ஒருவர். காதும் படத்தில் தெரியும் என்றார் இன்னொருவர். கடைசியில் உள்ளங்காலில் வைப்பதென்று முடிவானது. தாய் கன்னத்தைத் துடைத்தாள், காலில் பொட்டு வைத்தாள், மை டப்பியை மூடாமல் யோசித்துக்கொண்டே நின்றாள். பிறகு என் கமராவின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். “பிள்ளையை இவ்வளவு நேரமாய்க் கண் வெட்டாமல் பாக்கிறது இதுதானே, அண்ணை” என்றாள்.

நான் இன்னும் அதைத் துடைக்கவில்லை.

வெள்ளைத் துணிக்குள் இருந்தவர்

இருக்கத் தெரியாத பிள்ளையை எடுக்க ஒரு வழி இருக்கிறது. தகப்பனை ஸ்டூலில் இருத்தி, தலையோடு வெள்ளைத் துணியால் மூடி, பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட வேண்டும். படத்தில் அவர் சுவர் மாதிரித் தெரிவார். பெரும்பாலான தகப்பன்மார் இந்த வேலையை நன்றாகச் செய்கிறார்கள். அசையவும் கூடாது, பேசவும் கூடாது, பழக்கமான வேலை.

அன்றைக்கு ஒருவரை மூடி வைத்துவிட்டு விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். விளக்கு அடம்பிடித்தது. அதற்குள் அவர் மனைவி முன்னால் இருந்த இரண்டு தாய்மாரோடு கதையில் இறங்கிவிட்டாள். “உங்கட இவர் இரவில எழும்புவாரோ?” என்று ஒருத்தி கேட்டாள். “எழும்புறதோ! பிள்ளை கத்தினால் குறட்டையைக் கூட்டுவார். அது பொய்க் குறட்டை எண்டு எனக்குத் தெரியும். உண்மைக் குறட்டைக்கு விசில் சத்தமும் வரும்” என்றாள் இவள். பிறகு டயப்பர், அவருடைய தாயாரின் ஆலோசனைகள், குளிப்பாட்டத் தெரியாமல் சட்டையோடு பிள்ளையைத் தொட்டிக்குள் இறக்கியது என்று ஒவ்வொன்றாக வந்தது. வெள்ளைத் துணி அசையவில்லை. பிள்ளை மட்டும் சிரித்தது. நல்ல படம் கிடைத்தது.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முடிந்தது தம்பி என்று துணியைத் தூக்கப் போனேன். உள்ளே இருந்து ஒரு கை துணியை இறுக்கிப் பிடித்தது. “அண்ணை, அவை கதைச்சு முடியுமட்டும் மூடியே விடுங்கோ.”

ஆப் சொல்கிறது

பக்கத்துக் கடைக்குப் புடவை வாங்க விம்பிள்டனில் இருந்து வந்த ஒரு மலேசியத் தமிழ்ப் பெண், அப்படியே குழந்தையோடு என் கடைக்குள்ளும் வந்தாள். இங்கே படிக்க வந்து, நல்ல உத்தியோகத்தில் தங்கிவிட்டவள். அவள் போனில் ஓர் ஆப். குழந்தை எப்போது குடித்தது, எப்போது தூங்கியது, எப்போது தூங்கப் போகிறது எல்லாம் அதற்குத் தெரியும். அடுத்த கதிரையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா, பிள்ளை விரல் சூப்புவதைக் கண்டு, “பசிக்குது போல, பாலைக் குடுங்கோ” என்றார். “இல்ல ஆன்ட்டி, இன்னும் நாப்பது நிமிஷத்துக்கு இவளுக்குப் பசி கிடையாது” என்றாள் இவள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கமராவைப் பார்த்தேன்.

குழந்தை அதற்குள் ஸ்டூலில் ஏறி, கால்களை ஆட்டி, கிலுகிலுப்பையை என் மூக்கில் எறிந்து, கடை அதிரச் சிரித்தது. தாய் போனைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். எதை நம்புவதென்று அவள் தீர்மானித்துவிட்டது முகத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்: “அங்கிள், இவ இப்ப தூங்கிக்கிட்டு இருக்கா. சத்தம் போடாம எடுங்க.”

சொல்லிப் போடாதேங்கோ

நோர்பரியில் இருந்து ஒரு சோடி. இரண்டு வயது மகனுக்கு இதுவரை போன் காட்டியதே இல்லை என்று கதிரையில் இருந்த எல்லாருக்கும் விளக்கம் சொன்னார்கள். “கஷ்டம்தான், ஆனால் ரெண்டு பேரும் ஒரு முடிவில நிண்டால் ஏலும்” என்றார் தகப்பன். மற்றவர்கள் தலை குனிந்தார்கள். மகன் அதற்குள் என் விளக்கை இரண்டு தரம் விழுத்திவிட்டான். தகப்பன் கார் பார்க்கிங் பார்க்க வெளியே போன அடுத்த கணம், தாய் கைப்பையில் இருந்து போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டு என் தலைக்கு மேல் பிடித்தாள். பிள்ளை சிலையாகிவிட்டான். எடுத்தேன். “அங்கிள், அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ” என்றாள்.

பின்னேரம் படத்தை எடுத்துப்போகத் தகப்பன் தனியாக வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மகனின் அந்தப் பார்வையை அவர் முன்பே எங்கோ கண்டிருக்கிறார். சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். “அண்ணை, இவன் இப்பிடி அசையாமல் பாக்கிறது என்ர போனை மட்டும்தான். நீங்கள் என்ன காட்டினீங்களோ தெரியாது. ஆனால் அவவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ.”

சனிக்கிழமை

தர்ஷினி இனியனோடு வந்தாள். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். கடையில் வேறு ஆட்கள் இல்லை. வெள்ளைப் போர்வையை நிலத்தில் விரித்து இனியனைக் கிடத்தி, மேலே நின்று குனிந்தேன். அவன் என்னை நேராகப் பார்த்தான். வாய் மூடியிருந்தது, கண் திறந்திருந்தது, கை இரண்டும் அடக்கமாகப் பக்கத்தில் கிடந்தன. இந்த வேலைக்கு வந்த நாளில் இருந்து இப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. எடுத்தேன்.

“நிழல் விழுந்திட்டுது” என்றேன். இன்னொன்று எடுத்தேன். வாய் கொஞ்சம் திறந்துவிட்டான் என்றேன். அடுத்ததில் சட்டைக் கழுத்து சரியில்லை. அதற்கடுத்ததில் கண் சரியில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போக, பிள்ளை அலுத்துப்போய்ப் போர்வையிலேயே நித்திரையாகிவிட்டான். “இனி ஏலாது, பிள்ளை. வாற மாசம் பாப்பம்” என்று தர்ஷினியிடம் சொல்லி விளக்கை அணைத்தேன்.

தர்ஷினி என் கையில் இருந்த கமராவை வாங்கினாள். ஒவ்வொரு படமாகப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். நான் லென்ஸ் மூடியைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“அப்பா, எல்லாம் வடிவாத்தானே இருக்கு. ஒரு வயசுக்குள்ள எண்டால் கண் மூடியிருந்தாலும் பரவாயில்லை எண்டு எங்கட காது புளிக்கப் புளிக்கச் சொன்னது ஆர்?”

“அது மற்றப் பிள்ளையளுக்கு” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு அந்த மூன்று கதிரையில் ஒன்றில் போய் இருந்தாள். எல்லாப் பெற்றோரும் இருந்து கேள்வி கேட்கும் அதே இடம். நித்திரையான பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, எல்லாரும் கேட்பதுபோலவே கேட்டாள்: “அங்க போனால் இவன் உங்களை மறந்திடுவானோ, அப்பா?”

பல்லுக்கும் சோற்றுக்கும் நித்திரைக்கும் உடனே விடை சொன்னவன் நான். “தெரியாது, பிள்ளை” என்றேன். அந்தக் கதிரைகளைப் பார்த்து நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

பிறகு அவள் எழும்பி, நான் அணைத்த விளக்கைப் போட்டாள். “மறக்காமல் இருக்கிறதுக்கு நீங்கள் வந்து நிக்கோணும். அதுக்குப் பாஸ்போர்ட் வேணும். ஸ்டூலில இருங்கோ” என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன், தலை சீவவில்லை என்றேன், சேர்ட் சரியில்லை என்றேன். அவள் கேட்கவில்லை. தோளைப் பிடித்து இருத்தினாள். தாடையை இறக்கச் சொன்னாள், சிரிக்கக் கூடாது என்றாள். எனக்குச் சிரிப்பு வரும் நிலை இல்லை. நெற்றியில் பொட்டு வைத்த கமரா என்னைக் கண் வெட்டாமல் பார்த்தது. ஒன்று எடுத்தாள். சரிவரவில்லை. இன்னொன்று எடுத்தாள். அதுவும் சரிவரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கமராவுக்குப் பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, உங்களுக்கு ஒரு வயசு தாண்டீட்டுது. கண்ணைத் திறவுங்கோ.”

எந்தப் பிள்ளையையும் ஒரு நொடிக்கு மேல் ஓரிடத்தில் நிறுத்தி வைக்க முடியாது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரேயொரு குழந்தை வளர்ப்பு. அந்த ஒரு நொடிக்குத்தான் நான் ஊரெல்லாரிடமும் காசு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.