எம்.ஏ.க்கு ஒரு பாஷை குறைஞ்ச பேர்னாட் மாஸ்டர்

கொட்டாஞ்சேனையில வந்து பேர்னாட் மாஸ்டர் வீடு எது எண்டு கேட்டா ஆளையாள் பார்ப்பினம். அரைச்சாமி வீடு எது எண்டு கேளுங்கோ. ஜம்பட்டாத் தெருவில மீன் வெட்டிற மனுசி, வெட்டிறதை நிப்பாட்டாம, நாடியாலேயே திசை காட்டுவா.

சாமியாராப் போக எண்டு செமினறியில சேர்ந்து, குருப்பட்டம் வாங்கக் கொஞ்சக் காலம் கிடக்கேக்க, ட்ரங்குப் பெட்டியோட வீட்டு வாசலில வந்து நிண்ட மனுசன் அவர். ஏன் திரும்பி வந்தவர் எண்டதுக்கு எங்கட தெருவில ஆளுக்கொரு கதை இருக்கு. ஒரு கதையில பொம்பிளை, ஒரு கதையில மலேரியா, ஒரு கதையில பிஷப்போட வாக்குவாதம். அவரைக் கேட்டா கண்ணை மூடிக் கொண்டு, "அதாவது, எனக்கு அழைப்பு இல்லை" எண்டுவார். "அதாவது" இல்லாம அவருக்கு வசனம் தொடங்காது. பசி எண்டாலும் "அதாவது பசிக்குது" தான்.

பிறகு திரேசம்மா அக்காவைக் கட்டினார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில தமிழ் மாஸ்டரானார். லண்டன் பி.ஏ.யைத் தபாலில படிச்சே பாஸ் பண்ணினார். ஊருக்கு அந்தப் பி.ஏ. கண்ணில படேல்ல, விட்டுட்டு வந்த செமினறி தான் பட்டுது. அதுக்கேத்த மாதிரி மனுசனும் வீட்டில ஆர்மோனியத்தைக் கழட்டிப் போட்டுத் திரும்பப் பூட்டாம விட்டிருந்தார். கட்டத் தொடங்கின பின் மதில் இடுப்பளவில நிண்டுது. அரைச்சாமி எண்ட பேர் ஒட்டாம என்ன செய்யும்?

ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோட ஒருநாள் ஸ்டாஃப் றூமில வந்து சொன்னார்: "அதாவது, நான் தமிழில எம்.ஏ.க்குப் பதியப் போறன்."

ரீ குடிச்சுக் கொண்டிருந்த பள்ளிக்கூட மனேஜர் ஃபாதர் கோப்பையை வைச்சார். ஃபாதர் ஐரிஷ்காரர், தமிழ் கதைச்சா மூக்கால மணி அடிச்ச மாதிரி இருக்கும். "பேர்ர்னாட், மகனே, மிகவும் சந்தோசம். இதையாவது முடிப்பாயா?"

எல்லாரும் சிரிச்சம். மாஸ்டரும் சிரிச்சார். அவரை மாதிரி நான் கதைச்சுக் காட்டினாலும் முதல் சிரிக்கிறது அவர்தான். ஆனா அண்டைக்கு அவற்ற காது சிவந்து போயிருந்துது.

யூனிவர்சிட்டிச் சட்டம் லேசுப்பட்டதில்லை. லண்டன் மாதிரித் தபாலில அனுப்பேலாது, ஆளே போக வேணும், டேர்முக்கு டேர்ம் முகத்தைக் காட்ட வேணும். ஒரு பேராசிரியர் "இந்த ஆள் என்ர பொறுப்பு" எண்டு ஏற்க வேணும். பிறகு தீசிஸ். தமிழைப் பற்றின தீசிஸ், ஆனா எழுத வேண்டியது இங்கிலீஷில. அதைக் கேட்டுத் திரேசம்மா அக்கா தேங்காய் துருவிறதை விட்டிட்டு நிமிர்ந்தா.

"அப்ப இங்கிலீஷில எம்.ஏ. எடுக்கிறவை தமிழிலயா எழுதினம்?"

"அதாவது... இல்லை."

"நல்ல ராச்சியம்" எண்டு போட்டுத் திரும்பத் துருவினா.

மாஸ்டர் எடுத்த விசயம், பழைய காலத்துப் பாதிரிமாரும் உபதேசிமாரும் எழுதின தமிழ் வசனம். பள்ளிக்கூடம் விட்டா ட்ராம், பிறகு பஸ், பிறகு லைப்ரரி. சனிக்கிழமையில வெள்ளவத்தையில பேராசிரியர் வீடு. பேராசிரியர் சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்து ஆள். நெத்தியில மூண்டு குறித் திருநீறு, தோளில சால்வை, பார்வையில எப்பவும் ஒரு பிழை கண்டுபிடிச்ச சந்தோசம். அவற்ற வாயில "இஞ்ச பாரும்" எண்டு வந்தா அடுத்து வாறது நல்ல ஏச்சு எண்டு அர்த்தம். தீசிஸின்ட முதல் அதிகாரத்துக்கு மட்டும் எத்தினை "இஞ்ச பாரும்" விழுந்துதெண்டு மாஸ்டருக்குத்தான் வெளிச்சம். எழுதி, கிழிச்சு, திரும்ப எழுதி, கடைசியில தீசிஸ் முடிஞ்சுது. தட்டெழுத்தில அடிச்சு, மூண்டு பிரதியும் கறுப்புத் துணி மட்டையில கட்டி, அலுமாரிக்கு மேல ஏறிட்டுது.

ஏறினது இறங்கேல்ல. சட்டத்தில இன்னொண்டு கிடந்துது. எம்.ஏ. கேக்கிற ஆள் தன்ர ஆராய்ச்சிக்கு உதவிற இன்னொரு பாஷையை வாசிச்சு விளங்க வேணும். அந்தச் சோதினை பாஸாகாம தீசிஸைக் கையில வாங்கவே மாட்டினம். தமிழ் எண்டா அந்த இன்னொரு பாஷை சமஸ்கிருதம் எண்டு தான் எல்லாரும் வைச்சிருந்தது. நாப்பது வயசு தாண்டின மனுசன் ட்ராமுக்குள்ள வாய்க்குள்ள முணுமுணுத்துப் பாடமாக்க, பக்கத்துச் சீற்றில இருந்த கிழவி செபமாலை சொல்றார் எண்டு நினைச்சுத் தானும் சேர்ந்து சொன்னாவாம். அந்தச் செபமும் பலிக்கேல்ல. முதல்தரம் பெயில். ரெண்டாந்தரமும் பெயில்.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் சொல்லிப் போட்டார்: "இஞ்ச பாரும் பேர்னாட். தீசிஸ் நல்லாயிருக்கு. ஆனா இந்த டேர்மோட உம்மட பதிவு முடியுது. பாஷைச் சோதினை இல்லாட்டி அலுமாரிக்கு மேல கிடக்கிறது அங்கயே கிடக்க வேண்டியதுதான்."

அப்ப தான் மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னவராம்: "அதாவது, ஐயா, எனக்கு லத்தீன் தெரியும்."

"தமிழ் படிக்க லத்தீன் என்னத்துக்கு? சாம்பாருக்கு வெள்ளைக்காரன்ர பாண் மாதிரியோ?"

"நான் எழுதியிருக்கிற பாதிரிமார் லத்தீனில நினைச்சுத் தமிழில எழுதினவை ஐயா. அவையின்ட வசனம் ஏன் அப்பிடிக் கிளைக்குள்ள கிளை விட்டு நீண்டு போகுதெண்டு, லத்தீன் தெரியாம சொல்லேலாது. மூண்டாம் அதிகாரம் முழுக்க அதுதான்."

பேராசிரியர் எழும்பி உள்ள போயிட்டாராம். கதை முடிஞ்சுதெண்டு மாஸ்டர் வீட்ட வந்திட்டார். ஆனா அந்த மனுசன் மூண்டாம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்து வாசிச்சிருக்கிறார். வாசிச்சிட்டு யூனிவர்சிட்டிச் சபைக்குக் கொண்டு போய், லத்தீனையும் ஏற்க வேணும் எண்டு வாதாடியிருக்கிறார், அதுவும் நெத்தியில திருநீறோட! சபைக்குள்ள நான் இருக்கேல்ல. இருந்த மாதிரி ஸ்டாஃப் றூமில செய்து காட்டினனான், அது வேற விசயம். முடிவு என்னெண்டா, லத்தீன் சரி. ஆனா ஒரே ஒரு தரம். சோதினை வைக்கிறது அங்க லத்தீன் படிப்பிக்கிற வெள்ளைக்காரர், மிஸ்டர் பெம்பர்ட்டன். பிழைச்சா அவ்வளவுதான்.

சோதினை நாள் திரேசம்மா அக்கா என்னைப் பிடிச்சா. "தம்பி, நீர் கூடப் போம். தனிய விட்டா இந்த மனுசன் பாதி வழியில இறங்கித் திரும்பி வந்திடும்."

போனன். வழி முழுக்க மாஸ்டரிட்ட இருந்து ஒரு "அதாவது" கூட வரேல்ல. றூமுக்கு அரைக்கதவு. உள்ள பெம்பர்ட்டனும் எங்கட பேராசிரியரும். வெளிய மர வாங்கில நானும் ஒரு சிங்களப் பியோனும். உள்ள கதைக்கிறது முழுக்க வெளிய கேட்டுது.

பெம்பர்ட்டன் ஒரு தாளைக் குடுத்தார். முதல் சத்தமா வாசிக்கட்டாம், பிறகு இங்கிலீஷில பொருள் சொல்லட்டாம். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பிறகு தொடங்கினார் பாருங்கோ.

பாட்டு! எங்கட வேதக் கோயில்ல பூசை நேரம் பாடுற அதே இழுவை. குரல் நேரா ஓடி, முற்றுப் புள்ளியில சரிஞ்சு இறங்குது.

பியோன் என்னைப் பார்த்தான். "மொகத மஹத்தயா, மேக பல்லியக்த?" இதென்ன கோயிலா எண்டு கேக்கிறான். நான் ஓம் எண்டு சொல்றதா இல்லை எண்டு சொல்றதா?

உள்ள பெம்பர்ட்டனுக்கும் அதே கேள்வி தான். "மிஸ்டர் பேர்னாட், இது கீதம் இல்லை. ரோமாபுரிச் சரித்திரம். தயவு செய்து வாசியுங்கள்" எண்டார் இங்கிலீஷில, வலு மரியாதையா, ஐஸ் மாதிரி.

எங்கட ஆள் என்ன செய்வார்? செமினறியில சேர்ந்த நாளில இருந்து லத்தீன் எண்டது அவருக்குத் தொண்டையில இருக்கிற சாமான். விட்டுட்டு வந்த பிறகும் ஞாயிறு தவறாம கொயரில நிண்டு பாடினவர். பாடாத லத்தீனைத் தன்ர வாயாலயே அவர் கேட்டதில்லை. "சொறி சேர்" எண்டு போட்டு வெறுமனே வாசிக்கப் பார்த்தார். போச்சு. ஒரு சொல் வருது, அடுத்தது வரேல்ல. எங்க மூச்செடுக்கிறது, எங்க நிப்பாட்டிறது, ஒண்டும் தெரியேல்ல. நாலாம் ஸ்ராண்டர்ட் பொடியன் எழுத்துக் கூட்டின மாதிரி இருந்துது. அலுமாரிக்கு மேல கிடக்கிற மூண்டு கறுப்பு மட்டையும் என்ர கண்ணில வந்து நிண்டுது.

ஒரு கதிரை கிறீச்செண்டுது. பேராசிரியர்.

"மிஸ்டர் பெம்பர்ட்டன், நாங்கள் சின்னனில இலக்கணச் சூத்திரத்தைக் கூட ராகத்தோட தான் பாடமாக்கினனாங்கள். இப்ப என்னை அதை ராகமில்லாம சொல்லச் சொன்னா, எனக்கும் இந்தக் கதிதான். அவர் பாடட்டும். விளங்கிப் பாடுறாரோ விளங்காமப் பாடுறாரோ எண்டதை நீர் தானே பிடிக்கப் போறீர்?"

வெள்ளைக்காரர் யோசிச்சார். "வெரி வெல். முதலில் இருந்து."

மாஸ்டர் திரும்பத் தொடங்கினார். முதல் வசனம் நேராப் போச்சு, ரெண்டாவதும் நேராப் போச்சு. திடீரெண்டு குரல் கீழ இறங்கிச்சுது, கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி, ஆறுதலா, கனமா. கொஞ்சம் போகச் சட்டெண்டு மேல ஏறி, கிரீச்சிட்டு, அவசரப்பட்டு ஓடிச்சுது. பிறகு நடுவுக்கு வந்துது. திரும்பக் கீழ. எனக்கு உடன பிடிபட்டுது. பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவற்ற பாடுகளின்ட சரித்திரம் எங்கட கோயில்ல பாடுற முறை அது. கதை சொல்றவருக்கு நடுக்குரல், ஆண்டவர் பேசினா கீழ்க்குரல், சனம் கத்தினா மேல்குரல். மூண்டு பேர் நிண்டு பாடுறதை மனுசன் தனி ஆளாப் பாடுறார். நாலு பேரை நக்கலடிச்சுச் சீவிக்கிற எனக்குத் தெரியும், ஒரு தொண்டையில மூண்டு ஆளை வைச்சிருக்கிறது எவ்வளவு பாடெண்டு.

பாட்டு முடிஞ்சுது. பெம்பர்ட்டன் மெல்லமாக் கேட்டார்: "இந்த இடத்தில் ஏன் குரலை உயர்த்தினீர்கள்?"

"அதாவது சேர்," எண்டார் மாஸ்டர். 'அதாவது'வைத் தமிழிலயே சொல்லிப் போட்டு மிச்சத்தை இங்கிலீஷில சொன்னார். "அதில கதைக்கிறது சிப்பாய்மார். கனபேர். கனபேர் கதைச்சா மேல தான் பாட வேணும்."

"அவர்கள் பேசுகிறார்கள் என்று தாளில் எங்கே இருக்கிறது?"

"தாளில இல்லை சேர். ஆனா அது தளபதியின்ட கதையா இருக்கேலாது. அவர் நில்லுங்கோ எண்டு கெஞ்சிறார். இவை வீட்ட போக வேணும் எண்டு நிக்கினம்."

அந்தத் தாளில ஆர் எப்ப கதைக்கினம் எண்டதுக்கு ஒரு அடையாளமும் போட்டிருக்கேல்லயாம். லத்தீன் பொடியள் வழக்கமா வழுக்கி விழுற இடம் எண்டு பார்த்துத் தான் பெம்பர்ட்டன் அதை எடுத்தவராம். எங்கட மாஸ்டர் பொருள் சொல்ல முதலே, பாட்டில ஆளை ஆளாப் பிரிச்சு வைச்சிட்டார். பிறகு அவர் இங்கிலீஷில பொருள் சொன்னது சும்மா பேருக்குத் தான். ரெண்டு இடத்தில தடக்குப்பட்டார், பெம்பர்ட்டன் கவனிக்கவே இல்லை.

மாஸ்டர் வெளிய வந்து வாங்கில இருந்தார். பின்னால பேராசிரியர் வந்தார், சால்வையை உதறிக் கொண்டு.

"இஞ்ச பாரும்."

மாஸ்டர் விழுந்தடிச்சு எழும்பினார்.

"தீசிஸ் எங்க?"

"வீட்டில ஐயா."

"வீட்டில வைச்சு என்ன, அடை காக்கிறீரோ? யூனிவர்சிட்டிக் கந்தோர் பூட்ட முதல் கொண்டு வாரும், போம்!"

கொட்டாஞ்சேனைக்கு ஓடினம். திரேசம்மா அக்கா கேள்வி ஒண்டும் கேக்கேல்ல, என்ர முகத்தைப் பார்த்தா, ஸ்டூலைப் போட்டு ஏறி மூண்டையும் இறக்கினா. நாங்கள் கொண்டு போறம் எண்டம். "நீங்கள் கொண்டு போய்க் கிழிச்சது காணும்" எண்டு சீலையை மாத்திக் கொண்டு தானும் வெளிக்கிட்டா. ட்ராமில ஆளுக்கொரு பிரதி மடியில. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டு போற மாதிரித் தான் அக்கா பிடிச்சிருந்தா.

வைவா எண்ட வாய்ச் சோதினை பிறகு நடந்துது, பட்டமளிப்பும் நடந்துது, கறுப்புக் கவுணோட எடுத்த படம் எங்கட ஸ்டாஃப் றூமில தொங்குது, ஃபாதர் தன்ர கையால ஆணி அடிச்சவர். அதெல்லாம் சந்தோசம் தான். எண்டாலும் என்னைக் கேட்டா, பேர்னாட் மாஸ்டர் எம்.ஏ. ஆனது அந்தக் கந்தோர்க் கவுண்டரில.

கிளாக்கர் மூண்டு பிரதியையும் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தினார். அக்கா தன்ர பிரதியில இருந்து கையை எடுக்கேல்ல, முத்திரை அவவின்ட விரலில விழப் பார்த்துது.

"வேற ஏதும் மிச்சம் இருக்கா மிஸ்டர் பேர்னாட்?" எண்டார் கிளாக்கர்.

"இல்லை" எண்டார் மாஸ்டர். "முடிஞ்சுது."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தா. "என்ன சொன்னீங்கள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"முடிஞ்சுதடி."

"பலமாச் சொல்லுங்கோ, தம்பிக்கும் கேக்கட்டும்."

சொன்னார், நடுக்குரலிலயும் இல்லாம, கீழ்க்குரலிலயும் இல்லாம, மேல்குரலில, கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்க்க.