சுகப்பிரியா மறைத்த நோய்

ஒரகடத்துக் கைப்பேசித் தொழிற்சாலையில் சேர்ந்த எட்டு மாதங்களில் சுகப்பிரியா தாகத்தை அடக்கப் பழகியிருந்தாள். கண்கள் மட்டும் தெரியும் வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்த் திரும்பக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை அவள் இடத்தில் நிற்க மாற்று ஆள் வேண்டும். ஆகவே, அந்த உற்பத்தி லைனில் எவரும் ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. மற்றவர்களுக்கு அது தலைவலியோடு போயிற்று. சுகப்பிரியாவுக்கோ சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் சோகை. உடலில் நீர் வற்றினால், பிறைபோல் வளைந்த சிவப்பணுக்கள் நாளங்களில் அடைத்துக்கொள்ளும். சொந்த ஊரான பந்தலூரில் மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தொழிற்சாலையில் அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் தொடை எலும்பு குடைந்தது. பதினொரு மணிக்கு நெஞ்சும் குத்தவே, முதலுதவி அறைக்குப் போனாள். செவிலி அமலா இரத்தம் எடுத்து அருகிலிருந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது.

“இன்னாம்மா இது, வெள்ளை அணு இருபத்திரண்டாயிரம் கீது. சி.ஆர்.பி. அஞ்சுக்குள்ள இருக்கணும், உனக்கு எழுபது. ஆஸ்டல் சாம்பார் வேலையக் காட்டிடுச்சா? இந்த மாத்திரையப் போட்டுக்கினு கொஞ்சம் படு. அப்புறம் லைனுக்குப் போலாம்.”

சுகப்பிரியா மாத்திரையை வாங்கவில்லை. உடலுக்குள் மூளும் அழற்சியைக் காட்டும் அந்தச் சி.ஆர்.பி. அளவு, வலியில்லாத நாள்களிலேயே அவளுக்குப் பன்னிரண்டு இருக்கும். முன்பொரு முறை அது எழுபதைத் தொட்டபோது, நுரையீரல் பாதிக்கப்பட்டுப் பத்து நாள் ஆக்ஸிஜனில் கிடந்தாள். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் உயிரே போகலாம். மூச்சை இழுத்துப் பார்த்தாள், பாதியில் முட்டியது.

“சிஸ்டர், எனக்குச் சிக்கிள் செல் இருக்கு.”

அமலா மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள். “சேரும்போது ஃபார்ம்ல ஏன் எழுதல?”

“எழுதியிருந்தா வேலைக்கு எடுத்திருப்பீங்களா?”

அமலா சுகப்பிரியாவின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டினாள். எண்பத்தொன்பது; தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. அதன் பிறகு அவள் கேலி பேசவில்லை. உடனே ஆம்புலன்ஸை அழைத்தாள்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. அமலாவும் உடன் வந்தாள்.

“வேலைய விட்டு எடுத்துடுவாங்களா, சிஸ்டர்?”

“நான் பேசிப் பாக்கறேன். இப்ப நல்லா மூச்ச இழு.”

சுகப்பிரியா இழுத்தாள். ஆக்ஸிஜன் முகமூடிக்குள் காற்று சீறியது. நெஞ்சுக்கு அது போதவில்லை. அவள் அமலாவின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.