மஞ்சள் நாடா கட்டிய நான்கு வரிசைகள்

அந்தத் தியேட்டருக்குள் நான் முதலில் நுழைந்தபோது கூரையில் ஓட்டை, மேடையெல்லாம் புறா எச்சம். உங்கள் அம்மாவின் வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு, பத்தாவது வரை படித்த எனக்குக் கிடைத்த நல்ல வேலை அதுதான்: பழைய சுதைப் பூச்சைச் சரிசெய்வது. பேசாத படங்கள் ஓடிய காலத்தில் கட்டிய அரண்மனை அது. கூரையெங்கும் சுதையில் பூக்கள், திராட்சைக் குலைகள், இறக்கை வைத்த குழந்தைகள். பல வருடம் பூட்டிக் கிடந்ததில் மழைநீர் எல்லாவற்றுக்குள்ளும் இறங்கியிருந்தது.

விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். கெட்டியாகச் சத்தம் வந்தால் நல்லது. காலிப் பானை மாதிரி வந்தால், பூச்சு உள்ளே தன்னைப் பிடித்திருக்கும் மரச்சட்டத்தை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம்; எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் ஒரே இடம் பாக்கி, பால்கனியின் அடிப்பக்கம். மேலே ஆட்கள் உட்காரலாம், இரும்பு உத்தரம் தாங்கும், கீழே மட்டும் கூடாது என்று சொல்லி, அங்கிருந்த நான்கு வரிசைகளைச் சுற்றி சூப்பர்வைசர் மஞ்சள் நாடா கட்டினார்.

ஒரு ஞாயிறு மதியம் நம் ஆட்கள் புதுத் தமிழ்ப் படம் போட அந்தத் தியேட்டரை எடுத்தார்கள். பேசி வாங்கித் தந்தவன் நான். இடம் போதவில்லை. தமிழ்ச் சங்கத்துத் தம்பி ஒருவர் ஓடிவந்தார்.

"அண்ணே, நாப்பது பேர் நிக்கிறாங்க. அந்த டேப்பை எடுத்துட்டு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"பூச்சு சரியில்ல தம்பி."

"நீங்க பண்ண வேலைதானே? உங்களுக்கே நம்பிக்கை இல்லியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நாடாவை நானே அறுத்தேன். "பயம் இருந்தா எம் பிள்ளைங்கள இங்க உக்கார வைப்பேனா?" என்று உங்கள் இருவரையும் நடுவில் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

கதாநாயகன் திரையில் வந்தான். மேலே பால்கனியில் விசில், காகித மழை. பிறகு எல்லாரும் ஒன்றாகக் குதிக்க ஆரம்பித்தார்கள். உட்காரும் ஆட்களைத்தான் சூப்பர்வைசர் மனதில் வைத்திருந்தார். ஊரில் இப்படிக் குதித்தவன் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சின்னவள் பாப்கார்னை நீட்டினாள். "அப்பா, இட்ஸ் ஸ்னோயிங்."

வெள்ளைத் தூள். விரலில் தேய்த்தேன். சுதை.

"எல்லாரும் எழுந்திரிங்க! வெளிய வாங்க!"

"அங்கிள், உக்காருங்க, மறைக்குது!"

"தலைவர் என்ட்ரிக்கு அங்கிளே ஆடுறாரு டோய்!"

ஒருவரும் அசையவில்லை. உங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டுபோய் நடைவழியில் நிறுத்திவிட்டு, ஓடிப்போய் எல்லா விளக்குகளையும் போட்டேன். தியேட்டரே என்னைத் திட்டியது. அந்த வெளிச்சத்தில் யாரோ அண்ணாந்து பார்த்தார்கள். திராட்சைக் குலையிலிருந்து சுவர்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. மேலே இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அந்த நான்கு வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள்.

கைக்குழந்தையோடு ஒரு அம்மா கடைசியாக வெளியே வந்தார். அதன் பிறகுதான் விழுந்தது. அரிசி மூட்டையைப் போட்டது போல ஒரு சத்தம். தூசி அடங்கியபோது சின்னவளின் இருக்கை இரண்டாக மடிந்து கிடந்தது.

காரில் மூத்தவன் கேட்டான்: "யூ நியூ, அப்பா? முன்னாடியே தெரியுமா?"

சீட் பெல்ட் போடு என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். தெரியும். தெரிந்தேதான் உங்களை அங்கே உட்கார வைத்தேன்.