படலைக்கு வெளியே நின்று சொன்ன செய்தி

தந்தியா, ரேடியோவா என்று வீட்டில் நாள்கணக்காகச் சண்டை. கொழும்பில் ஒரு கல்லூரியில் இரண்டு வகுப்புகளுக்கும் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்றில் தந்தி அடிக்கப் பழக்குவார்கள். மற்றதில் செய்தி எழுதவும் அதை ரேடியோவில் வாசிக்கவும் பழக்குவார்கள்.

"தந்தியைப் படி. அரசாங்க உத்தியோகம். ரேடியோவில கத்துறதும் ஒரு உத்தியோகமே?" என்றார் மாமா. உலக யுத்தம் முடிந்தால் ரேடியோவை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய விசர்க் கணக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவின் நெற்றியில் இன்னும் குங்குமம் இருந்தது. அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. குண்டு விழுந்த காலையில் அங்கேதான் நின்றார். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் பகலே இருண்டது. ஊர் முழுக்கக் காட்டுப்பக்கம் ஓடியது. நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா இல்லை, உடலும் இல்லை. கடையில் ரேடியோ, சுட்டு விழுத்திய விமானங்களின் கதையைத்தான் சொன்னது. அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கோபம்தான் என்னைச் செய்தி வகுப்புப் பக்கம் தள்ளியது. வேறு பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் அந்தச் சாச்சேதியை வெளியாள்தான் சொல்லவேண்டும். வேலிப் படலைக்கு வெளியே, தெருவில் நின்று சொல்வான். உள்ளே வரமாட்டான், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டான். வீட்டாட்கள் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். பிறகு போய்ச் சொல்ல எல்லோருக்கும் வெட்கம்.

"ஆரும் வந்து சொல்லேல்லையே" என்பார் அம்மா. குங்குமத்தையும் அழிக்கமாட்டார். படலை காற்றில் அசைந்தாலும் எட்டிப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். செத்த அப்பா வந்து நிற்பாரோ என்று எனக்குப் பயம். ஓம், பயம்தான். பெற்ற தகப்பனுக்கு அப்படிப் பயந்தேன்.

கடைசியில் ரேடியோதான் என்று நானே முடிவெடுத்தேன். புறப்படுகிற காலை, பெட்டியோடு படலையைத் தாண்டியதும் அம்மா கூப்பிட்டார்.

"என்ன படிக்கப் போறாய்?"

"செய்தி சொல்ல, அம்மா."

"அப்ப எனக்குச் சொல்லு."

எனக்கு விளங்கிவிட்டது. "ஏலாதம்மா. நான் வீட்டாள்."

"நீ வெளியில நிக்கிறாய். பெட்டியும் கையுமாப் போறாய். சொல்லிப்போட்டுப் போ."

பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னேன். "உங்கட மனுசன் மோசம் போயிட்டார். குண்டு விழுந்ததில."

அம்மா முற்றத்தில் விழுந்து குளறி அழுதார். அயலெல்லாம் ஓடிவந்தது. நான் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடப் பார்த்தேன். வரவேண்டாம் என்று அம்மா கையைக் காட்டினார்.

"ஐயோ, ஆர் வந்து சொன்னது?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமி.

அம்மா என்னை நேரே பார்த்தார்.

"ஆரோ ஒரு பெடியன்" என்றார். "அவனைப் போகவிடுங்கோ."